மருத்துவப் பாடத்திட்டத்தை எந்த ஆண்டில் தொட வேண்டும்?

மருத்துவக் கல்லூரியில் பாடத்திட்டக் குழு கூடினால் பேச்சு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளைச் சுற்றியே ஓடும். உடற்கூறியலுக்கு எத்தனை மணி நேரம், உயிர்வேதியியலைக் குறைக்கலாமா, விரிவுரையை விட்டுவிட்டுக் குழுக் கற்றலுக்குப் போகலாமா என்று. காரணம் எளிது. அந்த ஆண்டுகளின் கால அட்டவணை கல்லூரியின் கையில் இருக்கிறது. வார்டு மருத்துவமனையின் கையில் இருக்கிறது. கைக்கு எட்டியதைத்தான் முதலில் மாற்றத் தோன்றும். ஆனால் மாணவர் மருத்துவராக உருவாவதும் வார்டில்தான், மனம் மரத்துப்போவதும் வார்டில்தான். குழுவின் மேசையில் வழக்கமாக விழும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். எந்தப் பாடத்திட்ட மாதிரி என்ற கேள்வியைவிட, எந்த ஆண்டு, எந்தப் பரீட்சை என்ற கேள்விகளுக்கே எடை அதிகம் என்பது என் கணிப்பு. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதல் வழி, இருப்பதையே வைத்துக்கொண்டு ஒட்டுப்போடுவது. துறைவாரிப் பாடத்திட்டத்தை இன்று பழமை என்று ஒதுக்குகிறோம். ஒரு காலத்தில் அதுவே பெரிய சீர்திருத்தம். ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் மருத்துவர் அல்லர், பள்ளிக்கூடம் நடத்தியவர். கார்னகி அறக்கட்டளைக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து 1910-ல் அறிக்கை கொடுத்தார். ஆய்வகமும் இல்லை, நோயாளியும் இல்லை, கட்டணம் கட்டினால் பட்டம் என்று நடந்த கல்லூரிகளை அது தோலுரித்துக் காட்டியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸை முன்மாதிரியாக வைத்து, முதலில் இரண்டு ஆண்டுகள் அடிப்படை அறிவியல், பிறகு இரண்டு ஆண்டுகள் மருத்துவமனை என்ற அமைப்பு நிலைபெற்றது. அதன் விளைவுகளில் ஒன்றை மறக்கக் கூடாது. கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த ஏழு கல்லூரிகளில் ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே தப்பின. தரத்தை உயர்த்துகிறோம் என்று கிளம்பும் எந்தத் திட்டமும் யாரை வாசலுக்கு வெளியே நிறுத்தப்போகிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

துறைவாரி அமைப்புக்கு உண்மையான பலங்கள் உண்டு. எந்தப் பாடத்துக்கு யார் பொறுப்பு என்பதில் குழப்பம் இல்லை. ஓர் ஆசிரியர் பெரிய வகுப்பைச் சமாளிக்கலாம். ஒரு பாடத்துக்கு உள்ளேயே ஓர் ஒழுங்கு இருக்கும். உடலியங்கியலை உடலியங்கியலாகவே படித்தவருக்கு அந்த ஒழுங்கின் அழகு தெரியும். பலவீனம் எங்கே என்றால், இதயம் மாணவருக்குத் துண்டு துண்டாக வந்து சேர்கிறது. அறைகளும் வால்வுகளும் உடற்கூறியல் மேசையில், இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு வேறொரு வகுப்பில், மாரடைப்புத் திசு அடுத்த ஆண்டில், பீட்டா பிளாக்கர் மருந்து அதற்கும் பிறகு. மூச்சுவாங்கும் நோயாளி எதிரில் உட்காரும்போது இந்தத் துண்டுகளை இணைக்கும் வேலை முழுக்க மாணவர் தலையில் விழுகிறது. கெட்டிக்காரர்கள் இணைத்துவிடுகிறார்கள். மற்றவர்கள் தேர்வு எழுதி மறந்துவிடுகிறார்கள்.

அந்த இணைப்பு வேலையைக் கல்லூரியே செய்து கொடுக்கட்டும் என்பது உறுப்பு மண்டலவாரி ஒருங்கிணைப்பு. 1952-ல் கிளீவ்லாந்தின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் இதைத் தொடங்கியது. இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று சில வாரங்களுக்கு ஒரு தொகுதி. அதற்குள் எல்லாத் துறைகளும் வந்து போகும். காகிதத்தில் பார்த்தால் மறுக்க முடியாத யோசனை. நடைமுறையில் இரண்டு சிக்கல்கள். உறுப்பு இல்லாத பாடங்களை எங்கே வைப்பது? அழற்சி, மரபியல், மருந்து உடலுக்குள் போய்ச் சேரும் கணக்கு, புள்ளியியல் எல்லாம் எந்த மண்டலத்துக்கும் சொந்தமில்லை. நீரிழிவு எல்லா மண்டலத்துக்கும் சொந்தம். அதனால் தொடக்கத்தில் ஓர் அடித்தளத் தொகுதி தேவைப்படுகிறது, அது மெல்ல வீங்கிப் பழைய முதலாண்டாகவே மாறிவிடுகிறது. அடுத்தது உடற்கூறியல் வகுப்பின் அறுப்பு மேசை. உடலை அறுப்பது பகுதி பகுதியாக. மார்பைத் திறந்தால் இதயமும் நுரையீரலும் உணவுக்குழாயும் ஒன்றாகத்தான் கிடக்கும். மண்டலவாரி அட்டவணை அதைப் பொறுத்துக்கொள்ளாது.

இவற்றுக்குத் தீர்வு உண்டு. மருத்துவக் கல்வியாளர் ரொனால்டு ஹார்டன் 2000-ல் ஒருங்கிணைப்பைப் பதினொரு படிகள் கொண்ட ஏணியாக வகுத்துக் காட்டினார். துறைகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாத நிலை அடிப்படி. துறை எல்லைகளே கரைந்துபோவது உச்சிப்படி. இடையில் நிறைய இடம் இருக்கிறது. தொடர்புடைய துறைகள் எல்லாம் இதயத்தை ஒரே மாதத்தில் எடுக்குமாறு அட்டவணையை ஒத்திசைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்குப் புதிய கட்டடமோ புதிய பணியிடமோ வேண்டாம். துறைத்தலைவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். (அதுதான் கடினம் என்பார்கள். உண்மை.) முழு ஒருங்கிணைப்பு, அல்லது ஒன்றுமே இல்லை என்று வாக்கெடுப்பு வைக்கும் குழுக்கள் இந்த நடுப்படிகளைப் பார்ப்பதே இல்லை.

மூன்றாவது வழியைப் பற்றித்தான் அதிகம் வாதம் நடந்திருக்கிறது. பிரச்சினைவழிக் கற்றல். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-ல் தன் முதல் மாணவர்களை இந்த முறையில் சேர்த்தது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் 1974-ல் தொடர்ந்தது. ஹார்வர்டு 1985-ல் தனக்கேற்ற கலப்பு வடிவம் ஒன்றைத் தொடங்கியது. ஏழெட்டு மாணவர், குழுவை வழிநடத்தும் ஆசிரியராக ஒரு டியூட்டர், ஒரு நோயாளியின் கதை. நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பலகையில் எழுதிப் பிரித்து, தெரியாததைத் தேடிப் படித்து, அடுத்த அமர்வில் திரும்ப வந்து கூடுவார்கள். பார்க்க உயிரோட்டமான வகுப்பு. பழகிய மாணவர்கள் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

பலன் என்ன? 1993-ல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுத் தொகுப்புகள், ஆல்பனீஸும் மிட்செலும் எழுதியது ஒன்று, வெர்னனும் பிளேக்கும் எழுதியது ஒன்று, ஏறக்குறைய ஒரே படத்தைக் காட்டின. மாணவர்களுக்குப் பிடித்திருக்கிறது, நோயாளியோடு செய்யும் வேலையில் அவர்கள் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்கிறார்கள், அடிப்படை அறிவியல் தேர்வில் சில இடங்களில் பின்தங்குகிறார்கள். 2000-ல் ஜெரி காலிவர் இன்னும் கறாராகச் சொன்னார்: இவ்வளவு வளத்தைக் கொட்டும் முறைக்கு இந்த அளவு முன்னேற்றம் போதாது. முறை வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சொன்ன அளவுக்குப் பெரிய பாய்ச்சல் நிகழவில்லை, அவ்வளவுதான்.

ஏன் நிகழவில்லை என்பதற்கு ஒரு தடயம் 1978-லேயே இருந்தது. ஆர்தர் எல்ஸ்டீனும் உடனிருந்தவர்களும் தேர்ந்த மருத்துவர்கள் எப்படி நோயை அறிகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். எல்லா நோயாளிக்கும் பொருந்தும் பொதுவான ‘பிரச்சினை தீர்க்கும் திறமை’ ஒன்று அவர்களிடம் இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. அப்படி ஒன்று பிடிபடவில்லை. ஒரு நோயாளியிடம் அசத்தியவர் அடுத்த நோயாளியிடம் தடுமாறினார். அந்தந்த நோயைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தே திறமை ஏறி இறங்கியது. அப்படியானால் சிந்திக்கக் கற்றுக்கொடுத்துவிட்டால் அறிவு தானாக வந்து சேரும் என்ற நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. நிறைய நோயாளிகள், பலவகை நோயாளிகள், அவர்களோடு ஒட்டிய அறிவு. இதற்குக் குறுக்குவழி இல்லை.

செலவுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 100 மாணவர், குழுவுக்கு எட்டுப் பேர் என்றால் 13 குழுக்கள். வாரம் இரண்டு அமர்வு, அமர்வுக்கு இரண்டு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 52 டியூட்டர் மணிநேரம், 13 தனி அறைகள். 250 மாணவர் உள்ள கல்லூரிக்கு 32 குழுக்கள், 128 மணிநேரம். அந்த 32 டியூட்டர்களும் வாய்மூடி இருக்கவும் சரியான இடத்தில் வாய்திறக்கவும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பயிற்சியில்லாத டியூட்டர் பத்தாவது நிமிடத்தில் விரிவுரை தொடங்கிவிடுவார். அதோடு முறை செத்துவிடும். ஆசிரியர் தட்டுப்பாடு உள்ள கல்லூரி இதை முழுமையாக எடுத்தால், பெயர்ப்பலகை மட்டும் மாறும்.

ஆள்பலம் இல்லாதவர்களுக்கு அணிவழிக் கற்றல் நல்ல மாற்று. லாரி மைக்கேல்சன் என்பவர் 1970-களின் பிற்பகுதியில் ஓக்லஹோமாவில் மேலாண்மை மாணவர்களுக்காக உருவாக்கியது. பிறகுதான் மருத்துவக் கல்விக்கு வந்தது. மாணவர் முன்கூட்டிப் படித்துவிட்டு வருவார். வந்ததும் தனியாக ஒரு சிறுதேர்வு, அதே கேள்விகளுக்கு அணியாகச் சேர்ந்து மறுபடியும் ஒரு தேர்வு, அதன்பின் எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் ஒரே நோயாளியைப் பற்றி முடிவெடுத்து அதை நியாயப்படுத்த வேண்டும். ஒரே ஆசிரியர் நூறு பேர் கொண்ட அரங்கை நடத்திவிடலாம். கேள்விகளைத் தயாரிப்பதில்தான் முதுகு உடையும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு என்னைக் கேட்டால், ஒத்திசைத்த அட்டவணை, வாரம் ஓரிரு அணிவழி அமர்வு, மிச்சம் நல்ல விரிவுரை. இதற்கு மேல் அங்கே சக்தியைச் செலவழிக்க மாட்டேன்.

திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வேறு ரகம். எதை எந்த வரிசையில் கற்பிப்பது என்று அது கேட்பதில்லை. வெளியே போகும் மருத்துவர் என்னென்ன செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று முதலில் முடிவுசெய், அங்கிருந்து பின்னோக்கி வா என்கிறது. கனடாவின் கேன்மெட்ஸ் சட்டகம் 1996-ல் மருத்துவருக்கு ஏழு பாத்திரங்களை வகுத்தது. முதுநிலைப் பயிற்சியில் தொடங்கிய இந்தச் சிந்தனை இளநிலைப் படிப்புக்கும் இறங்கி வந்தது. இந்தியா 2019-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து இதற்கு மாறியது. மூலக் கருத்தில் ஒரு துணிச்சல் உண்டு: காலம் மாறலாம், திறன் மாறக் கூடாது. ஒருவர் நான்கு மாதத்தில் கற்றுக்கொண்டால் முன்னே போகட்டும், இன்னொருவர் எட்டு மாதம் எடுத்துக்கொள்ளட்டும். டொராண்டோவின் எலும்பு அறுவைப் பயிற்சியில் 2009-ல் இதைச் சோதனையாகச் செய்தும் பார்த்தார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான மாணவர் ஒரே நாளில் சேர்ந்து ஒரே நாளில் இறுதித் தேர்வு எழுதும் இளநிலைப் படிப்பில் காலத்தை யாரும் அசைப்பதில்லை. அப்போது கையில் எஞ்சுவது பட்டியல். நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில் திறன்கள், அவற்றைக் குறித்துவைக்க லாக் புக், போஸ்டிங்கின் (ஒரு துறையில் பயிலும் வாரங்களின்) கடைசி நாளில் வரிசையாக விழும் கையெழுத்துகள்.

இந்தப் பட்டியல் நோய்க்கு மருந்து கண்டவர் நெதர்லாந்தின் ஊலே டென் காட்டே. 2005-ல் அவர் கேள்வியை மாற்றினார். ‘இவருக்கு இந்தத் திறன் இருக்கிறதா’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இந்த வேலையை இவரை நம்பி ஒப்படைக்கலாமா’ என்று கேட்கச் சொன்னார். வெறுமனே பார்க்கலாம், பக்கத்தில் ஆள் நின்றால் செய்யலாம், கூப்பிட்டால் வரும் தூரத்தில் ஆள் இருந்தால் செய்யலாம், தனியாகச் செய்யலாம், இன்னொருவருக்கு மேற்பார்வை செய்யலாம். வார்டில் ஒவ்வொரு சீனியரும் தினமும் மனதுக்குள் போடும் கணக்கு இதுதான், அதனால் அவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2014-ல் இப்படி 13 வேலைகளைத் தேர்ந்து கொடுத்தது. ஆயிரம் திறன்களையும் இந்த 13 வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதை ஓர் ஆசிரியர் உண்மையாகவே மதிப்பிட முடியும் என்பது சொல்லாமலே விளங்கும். திறன் அடிப்படைக்குப் போகும் கல்லூரி இந்த வடிவத்தில் போனால் நல்லது. பட்டியல் வடிவத்தில் போவதைவிடப் பழையபடியே இருந்துவிடலாம்.

இனி வார்டு. இங்கேயும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, ஆனால் பல கல்லூரிகளில் அந்தக் கேள்வியே மேசைக்கு வருவதில்லை. வழக்கமான முறை சுழற்சிப் போஸ்டிங்: மருத்துவத்தில் சில வாரம், அறுவையில் சில வாரம், மகப்பேறு, குழந்தை நலம் என்று. இதற்கு மாற்றாக நீள்தொடர்ப் பயிற்சி. மாணவர் ஓராண்டு முழுக்க எல்லாத் துறைகளிலும் இணையாக இருப்பார். தனக்கென்று நோயாளிகளின் தொகுப்பு வைத்திருப்பார். அவர்கள் எந்த வார்டுக்குப் போனாலும் கூடவே போவார். மினசோட்டா 1971-லேயே கிராமப்புறத்தில் இதுபோன்ற ஒன்றைத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997-லும், ஹார்வர்டு தன் கேம்பிரிட்ஜ் மருத்துவமனைகளில் 2004-லும் பின்தொடர்ந்தன.

வித்தியாசம் எங்கே தெரியும்? சுழற்சியில் மாணவர் நோயாளியை ஒரு புகைப்படமாகப் பார்க்கிறார். இதயச் செயலிழப்போடு வந்தவர், நீர் குறைந்தது, வீட்டுக்குப் போனார், கதை முடிந்தது. மூன்று வாரத்தில் அவர் ஏன் திரும்ப வந்தார் என்பது மாணவருக்குத் தெரியாது. அப்போது மாணவர் கண் வார்டில் இருப்பார். நீள்தொடரில் அதே மாணவர் ஒரு பெண்ணைக் கருவுற்ற மூன்றாம் மாதத்தில் சந்தித்து, பிரசவத்தில் உடனிருந்து, குழந்தையின் தடுப்பூசி வரை பார்க்கிறார். மருந்தை ஏன் நிறுத்தினார்கள், யார் பேச்சைக் கேட்டார்கள், எந்த அறிகுறியைச் சொல்ல வெட்கப்பட்டார்கள் என்பதெல்லாம் ஆறாவது சந்திப்பில்தான் வெளியே வரும்.

பெரிய மருத்துவமனையை விட்டு வெளியே போனால் படிப்பு கெட்டுவிடும் என்ற அச்சம் எப்போதும் எழும். பால் வோர்லியும் உடனிருந்தவர்களும் 2004-ல் வெளியிட்ட ஃபிளிண்டர்ஸ் ஆய்வில், சமூகத்தில் பயின்ற மாணவர்கள் தேர்வில் மருத்துவமனை மாணவர்களைவிட நன்றாகவே செய்திருந்தார்கள். மனம் சார்ந்த விஷயமும் உண்டு. முகமதுரேசா ஹோஜத்தின் குழு ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களின் பரிவு உணர்வை ஆண்டுதோறும் அளந்து 2009-ல் வெளியிட்டது. சரிவு தெளிவாகத் தெரிந்தது மூன்றாம் ஆண்டில், அதாவது வார்டுக்குள் நுழைந்த ஆண்டில். முதலாண்டில் தொடர்பாடல் வகுப்பு எத்தனை வைத்தாலும், வார்டில் சீனியர் நோயாளியைப் பெயர் சொல்லாமல் ‘ஏழாம் பெட் லிவர்’ என்று கூப்பிடுவதைக் கேட்கும் மாணவர் அதையே கற்றுக்கொள்வார். ஹாஃபர்ட்டி போன்ற சமூகவியலாளர்கள் மறைமுகப் பாடத்திட்டம் என்று சொன்னது இதைத்தான்.

நீள்தொடருக்குக் குறை இல்லாமல் இல்லை. அட்டவணை போடுபவருக்குத் தலை சுற்றும். முதல் சில மாதங்கள் மாணவர் எதிலும் ஒட்டாமல் திணறுவார். ஒரு வார்டின் ஆளாகவே மாறி இரவுப்பணியில் ஊறும் அனுபவம் குறையும். ஓராண்டு முழுக்க இடம் மாறாத, கற்பிக்க மனமுள்ள மருத்துவர்கள் வேண்டும். 250 மாணவருக்கு இதை முழுதாகச் செய்வது நடக்காத காரியம். ஆனால் பாதி வழி உண்டு. போஸ்டிங் அப்படியே இருக்கட்டும். வாரத்தில் ஒரு அரைநாளை எந்தத் துறையும் தொடக் கூடாத நேரமாக ஒதுக்கி, மாணவர் ஒவ்வொருவருக்கும் நான்கைந்து நோயாளிகளை ஆண்டு முழுக்கத் தொடரக் கொடுத்து, இடம் மாறாத ஓர் ஆசிரியரை அவருக்கு நியமிக்கலாம். செலவோடு ஒப்பிட்டால், இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லா மாற்றங்களிலும் எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான்.

எதைத் தேர்ந்தாலும் தேர்வு பழையபடி இருந்தால் மாணவர் பழையபடிதான் படிப்பார். ஜார்ஜ் மில்லர் 1990-ல் வரைந்த பிரமிடு எல்லோருக்கும் தெரியும்: தெரிந்திருத்தல், எப்படி என்று தெரிந்திருத்தல், செய்து காட்டுதல், நடைமுறையில் செய்தல். எழுத்துத் தேர்வு அடியிலேயே நின்றுவிடுகிறது. ஹார்டன் 1975-ல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி, நிலையம் நிலையமாக நகரும் செய்முறைத் தேர்வு, மூன்றாம் படியை எட்டுகிறது. நீண்டகாலமாக நாம் நம்பிவந்த ஒற்றை நோயாளித் தேர்வைப் பற்றி எல்ஸ்டீன் கண்டது இங்கே திரும்பவும் உதவும். ஒரு நோயாளியிடம் காட்டிய திறமை அடுத்தவரிடம் செல்லாது என்றால், ஒரே நோயாளியை வைத்து ஒருவரைத் தேர்ச்சி பெற வைப்பதும் தோற்கடிப்பதும் அவருக்கு யார் வாய்த்தார் என்பதைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது. தேர்வாளர்களைக் கூட்டுவதால் அது சரியாகாது. நோயாளிகளைக் கூட்ட வேண்டும்.

மாஸ்ட்ரிக்டின் முன்னேற்றத் தேர்வையும் இந்தப் பக்கம் யாராவது தீவிரமாக யோசிக்கலாம். அதன் மரபான வடிவத்தில், இறுதியாண்டுத் தரத்திலான ஒரே வினாத்தாளை எல்லா ஆண்டு மாணவர்களும் ஆண்டுக்கு நான்கு முறை எழுதினார்கள். முதலாண்டு மாணவருக்குப் பெரும்பாலானவை தெரியாது, ‘தெரியாது’ என்றே குறிக்க முடிந்தது. மதிப்பெண் வளைகோடு மேலே போகிறதா என்பதே பார்க்கப்பட்டது. முந்தைய இரவு விழித்துப் படித்து இதில் தேற முடியாது. மதிப்பெண்ணை மட்டும் நீக்கினால் போதும் என்ற எண்ணமும் முழுக்கச் சரியல்ல. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டம் ஜனவரி 2022-ல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படும்படி மாறியது. போட்டி அடுத்த கட்டத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு இடம் பெயர்ந்தது.

ஆகவே குழு வாக்கெடுக்கும் முன் தன் நிலவரத்தைப் பார்க்கட்டும். இறுதித் தேர்வைப் பல்கலைக்கழகமோ அரசு அமைப்போ பாடவாரியாக நடத்துகிறது, கல்லூரிக்கு அதில் பேச்சே இல்லை என்றால், முழு ஒருங்கிணைப்புக்குப் போக வேண்டாம். மாணவர் பகலில் மண்டலவாரியும் இரவில் பாடவாரியுமாக இரண்டு பாடத்திட்டம் படிக்க நேரும். ஒத்திசைப்பில் நின்றுகொண்டு, கையில் இருக்கும் உள்மதிப்பீட்டை மாற்றலாம். மாணவர் எண்ணிக்கை சிறியது, ஆசிரியர் போதும் என்றால் பிரச்சினைவழிக் கற்றல் வீண்போகாது. புதிதாகத் தொடங்கும் கல்லூரிக்குத்தான் உண்மையான சுதந்திரம் இருக்கிறது. துறைகள் கெட்டிப்படும் முன்பே அது நீள்தொடர்ப் பயிற்சியை அடித்தளமாகப் போட்டுவிடலாம். ஸ்டீபன் ஆப்ரஹாம்சன் 1978-ல் பாடத்திட்டத்துக்கு வரும் நோய்களைப் பகடியாகப் பட்டியலிட்டபோது, துறை எல்லைகள் இறுகிப்போவதை ஒன்றாகவும், ஒரு பகுதி புற்றுபோல் வளர்ந்து மற்றதைத் தின்பதை இன்னொன்றாகவும் வைத்தார். இரண்டும் இன்றும் வார்டு நிறைய இருக்கின்றன. அதனால் ஒரு விதியைக் கூட்டத்தின் முதல் நாளிலேயே எழுதி வைப்பது நல்லது: புதிதாக ஒரு மணி நேரம் கேட்பவர், எந்த மணி நேரம் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சோதனையை முழு வகுப்பிலும் செய்ய வேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டில் விருப்பமுள்ள பன்னிரண்டு மாணவர், ஆறு ஆசிரியர், அந்த ஒரு அரைநாள். அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம். அனுமதி கேட்க வேண்டியது மருத்துவக் கண்காணிப்பாளரிடமும் நான்கு துறைத்தலைவர்களிடமும் மட்டுமே.